பட்டமும் தவணையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஏழை வீட்டுப் பிள்ளை ஒரு பட்டம் பெற்றுவிட்டால் அந்த வீட்டின் வறுமை அன்றோடு ஒழிந்தது என்று மேடைதோறும் கேட்கிறோம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டத்தோடு கடனும் சேர்ந்து வீடு வந்தால் என்ன ஆகும் என்பதை எவரும் பேசக் காணோம். அதைப் பற்றியே இங்குச் சில கருத்துகளைச் சொல்ல விழைகிறேன்.

நம்மைப் போன்ற அரசு கலைக் கல்லூரி மாணவர்க்கு இளநிலைப் பட்டம் வரை கடன் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. கட்டணம் குறைவு, உதவித்தொகையும் உண்டு. மேற்படிப்பில்தான் தொல்லை தொடங்குகிறது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர் தனியார் கல்லூரியை நாடுகிறார். கட்டணத்திற்காக வங்கிப் படியேறுகிறார். 4 இலட்சம் ரூபாய் வரை ஈடு கேட்காமல் வங்கி கடன் தருகிறது. அது நல்ல ஏற்பாடுதான். அது இல்லையேல் பலர் படித்தே இருக்க மாட்டார்கள்.

மரக்காணத்தில் எங்கள் பகுதி அண்ணன் ஒருவர் இவ்வாறு எம்.சி.ஏ. முடித்தார். பெற்றோர் இருவரும் உப்பளத் தொழிலாளர்கள். அவருடைய கணக்கை எழுதிப் பார்த்தேன். ஆண்டுக்கு ஒன்றரை இலட்சமாக 3 இலட்சம் கடன். வட்டி 10 விழுக்காடு. படிக்கும் இரண்டு ஆண்டும், அதன்பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டிக்கு விடுமுறை ஏது? தனிவட்டியே 75,000 ரூபாய் ஏறிவிட்டது. 3,75,000 ரூபாயை ஏழு ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 6,225 ரூபாய் வேண்டும். பதினைந்து ஆண்டாக நீட்டினால் மாதம் சுமார் 4,030 ரூபாய். ஆனால் மொத்தம் கட்டுவது 7,25,000 ரூபாயைத் தாண்டுகிறது! அவர் சென்னையில் வாங்கும் சம்பளமோ 12,000 ரூபாய். அறை வாடகையும் சாப்பாடும் போக என்ன மிஞ்சும்?

வட்டி மானியம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை இலட்சத்திற்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கான கடனில் தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-இல் வந்தது. ஆனால் 2018 முதல் தரச்சான்று பெற்ற நிறுவனங்களுக்கே அது பொருந்தும். அண்ணன் படித்த கல்லூரிக்கு அச்சான்று இல்லை. சேரும் நாளில் அதை அவருக்கு எடுத்துச் சொல்வாரும் இல்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வருபவனுக்கு வீட்டில் வழி கேட்க ஆள் ஏது?

தவணை தவறினால் துன்பம் அவரோடு நிற்பதில்லை. தந்தை உடன் கையொப்பமிட்டவர். அவர் பெயரும் கெடுகிறது. பொதுத்துறை வங்கிகளின் வேலைவாய்ப்பு அறிவிப்புகளில், பணியில் சேருபவரின் கடன் வரலாறு சீராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறார்கள். வேலை இல்லாததால் கடன் கட்டவில்லை. கடன் கட்டாததால் வேலை இல்லை. இது என்ன நியாயம்?

வாங்கிய கடனைத் திருப்பித் தருவதுதானே நாணயம் என்பர் சிலர். முற்றிலும் உண்மை. வங்கியில் இருப்பது பொதுமக்கள் பணம்; அடுத்து வரும் மாணவனுக்கும் அதிலிருந்துதான் கடன் தர வேண்டும். ஆகவே கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. எப்போது, எவ்வளவு என்பதையே கேட்கிறேன்.

எங்கள் ஊர் உப்பளத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் மூழ்கினால் உப்பும் இல்லை, கூலியும் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோதும் அந்த நிலைதான். மழைக்காலத்தில் வேலை இராது என்பதை உணர்ந்துதான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. தொழிலுக்கு மழைக்காலம் உண்டு என்று ஏற்கும் நாம், படித்தவன் வாழ்விலும் ஒரு மழைக்காலம் உண்டு என்று ஏன் ஏற்பதில்லை?

ஆஸ்திரேலியா 1989-லேயே இதற்கு வழி கண்டது. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே அங்கே கல்விக் கடன் வசூலாகிறது. இங்கிலாந்தில் வரம்புக்கு மேற்பட்ட வருமானத்தில் 9 விழுக்காடு மட்டும் பிடிக்கிறார்கள். சம்பளம் நின்றால் தவணையும் நிற்கிறது. நம் நாட்டிலும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம், வேலையற்ற காலத்தில் தவணையை ஒத்திவைக்க இடம் தருகிறது. ஆனால் அது வங்கி மனம் வைத்தால் கிடைக்கும் சலுகையாக இருக்கிறது. அதைக் கடன் பெற்றவரின் உரிமையாக்க வேண்டும். தவணையைச் சம்பளத்தோடு பிணைக்க வேண்டும். நாட்காட்டியோடு பிணைக்கக் கூடாது.

மாணவ நண்பர்களே! அடுத்த ஆண்டு நம்மில் பலர் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்போம். முதலில் அரசு இடத்திற்கு முயலுங்கள். கடன்தான் வழி என்றால், கல்லூரிக்குத் தரச்சான்று உண்டா, வட்டி மானியம் கிடைக்குமா, மாதத் தவணை எவ்வளவு என்று கேட்டுத் தெளிந்த பின் கையொப்பமிடுங்கள். தவணை கட்ட இயலாத நிலை வந்தால், நோட்டீஸ் வருமுன் நீங்களே வங்கிக்கு எழுதுங்கள். நம் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம்: மூன்றாம் ஆண்டு முடியுமுன் இந்தக் கணக்கை வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுங்கள். எங்கள் வீடுகளில் இதைச் சொல்லித் தர ஆள் இல்லை.