பாம்பனில் ஒரு படம்

மதுரையிலிருந்து புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு விடியுமுன்பே காரில் ராமேஸ்வரம் கிளம்பினோம். ராமநாதபுரம் தாண்டும் வரை ஒரே பொட்டல், கருவேலங்காடு. காமிராவை வெளியே எடுக்கவே இல்லை.

1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் வந்ததும், "ஒரே ஒரு படம், நிறுத்துங்களேன்!" என்றேன். இவர் வேண்டாமென்றார், நான் கேட்டால்தானே! நான் கடலைப் பார்த்து நிற்க, நாலு வயசுப் பெண் கையை உதறிவிட்டு நடுரோட்டுக்கே ஓடிவிட்டாள். பஸ் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கு.

பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது, சகோதரிகளே. தாண்டிப் போய் பாம்பன் ஊருக்குள் இறங்கினால், கரையில் நின்றே படம் எடுக்கலாம். மீன்பிடி படகுகளும், 2025-ல் திறந்த, நடுப்பாகம் அப்படியே மேலே எழும்புகிற ரயில் பாலமும் தெரியும்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயச் சுவர் இருக்கிறது. உச்சிவெயிலில் முகமெல்லாம் கறுத்து விழும். நாலு மணி வெயிலே அழகு. அரிச்சல்முனையில் நீரோட்டம் இழுக்கும். குழந்தைகளை அலையில் இறக்காதீர்கள். இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

தேவாலயத்து முன்னால் இவர் எடுத்த படத்தில் பெண் அழுமூஞ்சியாக நிற்கிறாள். அவள் மணிக்கட்டை நான் அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறேன்!