சுவருக்குள் தூங்கும் ஒயர்

பெங்களூர், புனே, குருகிராம் போன்ற ஊர்களில் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் கட்டிய அபார்ட்மென்ட்கள் பலவற்றில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். படுக்கை அறைச் சுவரில், ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில், டெலிபோன் துளையைவிடச் சற்றே அகலமான சதுரத் துளை ஒன்று இருக்கும். குடிவந்த நாளிலிருந்து அதில் யாரும் எதையும் செருகியிருக்க மாட்டார்கள். சில வீடுகளில் அதன் மேலேயே பெயின்ட்டும் அடித்தாகிவிட்டது. வாசல் கதவருகே பைபர்காரர் மாட்டிவிட்டுப் போன ரூட்டர் கண் சிமிட்டுகிறது. மூன்று சுவர்களைத் தாண்டி, உள் அறையில் கல்லூரி மாணவி ஆன்லைன் தேர்வு எழுதிக்கொண்டிருக்க, திரையில் வட்டம் சுற்றுகிறது. கடைக்காரர் ஆயிரக்கணக்கில் விலை சொல்லி 'மெஷ்' வாங்கச் சொல்கிறார். எலக்ட்ரீஷியன் சுவரை உடைக்கலாம் என்கிறார். இரண்டுமே தேவைப்படாமல் போகலாம். பிளாட் வாங்கியபோதே பணம் கொடுத்து வாங்கிய ஒயர் அந்தச் சுவருக்குள் சும்மா கிடக்கிறது.

வீட்டையே அலுவலகமாகவும் வகுப்பறையாகவும் மாற்றிய 2020ஆம் வருட ஊரடங்கில்தான் பலருக்கும் வைஃபையின் எல்லை புரிந்தது. வேகம் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை, செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் சீக்கிரம் களைத்துவிடும். சுவர் தாண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையிலோ அக்கம்பக்கத்து வீடுகளின் நெரிசல். ஒயருக்கு இந்தக் கவலைகள் இல்லை. செம்பு ஒயரில் 100 மீட்டர் வரை ஈதர்நெட் குறையின்றி ஓடும். வீட்டுக்குள் அவ்வளவு தூரம் வராது.

முதல் வேலை, சுவரில் உள்ளது எந்த ஒயர் என்று பார்ப்பது. பிளேட்டைக் கழற்றினால் எட்டு மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகளாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 'கேட் 5', 'கேட் 5இ', 'கேட் 6' என்று உறையில் அச்சிட்டிருப்பார்கள். பழசு என்று கேட் 5ஐ ஒதுக்க வேண்டியதில்லை. 1999இல் வந்த கிகாபிட் ஈதர்நெட் அந்த ஒயரை மனதில் வைத்தே வகுக்கப்பட்டது. இரண்டு ஜோடிகள் மட்டுமே உள்ள முறுக்கிய ஒயரானால் 100 மெகாபிட் வரை எதிர்பார்க்கலாம். வீடியோ வகுப்புக்கு அதுவே தாராளம். ஒரே ஜோடி உள்ள டெலிபோன் ஒயர் இந்த வேலைக்கு உதவாது.

முறுக்கு அலங்காரத்துக்கு அல்ல. ஜோடியின் இரு கம்பிகளும் வெளி மின் இரைச்சலைச் சமமாக வாங்கிக்கொள்வதால், மறுமுனையில் அது கழிந்துவிடுகிறது. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல் 1881இல் பேடன்ட் வாங்கிய உத்தி இது.

அடுத்து, மறுமுனையைத் தேட வேண்டும். எல்லா அறை ஒயர்களும் சாதாரணமாக ஓரிடத்தில் போய்ச் சேரும். வாசலருகே சின்ன இரும்புப் பெட்டி, மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் ஒரு மூடி, அல்லது பரண். எந்த ஒயர் எந்த அறைக்கு என்று எழுதி வைத்திருப்பது அபூர்வம். பழைய கட்டடங்களில் டெலிபோனுக்காக ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு மாலை கோர்த்த மாதிரி இழுத்திருப்பார்கள். ஈதர்நெட்டுக்கு அது ஒத்துவராது. ஒவ்வொரு துண்டும் நடுவில் கிளை இல்லாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும்.

கை வைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. பழைய டெலிபோன் இணைப்பு உயிரோடு இருந்தால் அதில் சுமார் 48 வோல்ட் நிற்கும். மணி அடிக்கும்போது இன்னும் ஏறும். முதலில் அதைத் துண்டிக்க வேண்டும். 230 வோல்ட் மின்சார ஒயரும் நெட்வொர்க் ஒயரும் ஒரே குழாயில் போனால் அந்தப் பாதையையே கைவிடுவது நல்லது.

இனி முனை கட்டும் வேலை. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். 'பி' முறை எனப்படும் இந்த வரிசையை இரு முனைகளிலும் மாற்றாமல் பின்பற்ற வேண்டும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. சில தொழிலாளர்கள் தங்களுக்குத் தோன்றிய வரிசையில் இரு பக்கமும் ஒரே மாதிரி கட்டிவிடுவார்கள். சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் அழகாக எரியும். ஆனால் ஜோடிகள் பிரிந்து போனதால் வேகம் தள்ளாடும். நான்கு கம்பிகளை மட்டும் கட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கிகாபிட் ரூட்டரில் செருகியும் கம்ப்யூட்டர் 100 மெகாபிட் என்றே காட்டினால், சந்தேகம் முதலில் இங்கேதான் விழ வேண்டும்.

ரூட்டரின் 'லான்' துளையிலிருந்து ஒரு ஒயர் அந்தப் பெட்டிக்குப் போக வேண்டும். ரூட்டர் ஹாலில் இருந்தால் ஹால் சுவர்த் துளை வழியாகவே அனுப்பலாம். பெட்டியில் ஐந்து அல்லது எட்டுத் துளைகள் உள்ள ஸ்விட்ச். அதிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஒன்று. அவ்வளவுதான். செல்போனுக்காக உள் அறையிலும் வைஃபை வேண்டுமா? பரணில் கிடக்கும் பழைய ரூட்டரே போதும். அதன் முகவரியை மாற்றி, மற்றக் கருவிகளுக்கு முகவரி வழங்கும் 'டிஎச்சிபி' வேலையை நிறுத்தி, லான் துளையில் ஒயரைச் செருகினால் புதிய மெஷ் வாங்கும் செலவு மிச்சம். நிறுத்த மறந்தால் வீட்டில் இரண்டு எஜமானர்கள். எதுவும் ஒழுங்காக நடக்காது. ஒரே ஒயரின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகினால் மொத்த வீடும் ஸ்தம்பித்துவிடலாம்.

ஒயரே செத்திருந்தால், அதன் வாலில் புதியதைக் கட்டி இழுத்துப் பார்க்கலாம். குழாய் நசுங்காமல் இருந்தால் வந்துவிடும். இங்கே ஒரு மோசடிக்கும் இடம் உண்டு. மலிவு விலைக் கேபிள்கள் சில, செம்பு முலாம் பூசிய அலுமினியம். கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். வளைத்தால் சீக்கிரம் ஒடியும். கேட் 6 என்று உறையில் என்னதான் எழுதியிருந்தாலும், தர விதிகள் கேட்பது முழுச் செம்பை.

செத்த ஒயருக்கு வீட்டுக்காரர்தான் செலவழிக்க வேண்டும் என்பதும் இல்லை. 2016ஆம் வருட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, விற்பனை ஒப்பந்தப்படி தர வேண்டிய வசதிகளில் உள்ள குறையை, வீடு ஒப்படைத்த ஐந்து வருடங்களுக்குள் சுட்டிக்காட்டினால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்யும் பொறுப்பைக் கட்டுநர் மீது சுமத்துகிறது. ஒப்பந்தத்தில் நெட்வொர்க் கேபிள் என்று ஒரு வரி இருந்தால், அந்த வரிக்கு விலை உண்டு. டிஜிட்டல் இணைப்பு வசதிக்காகக் கட்டடங்களைத் தர மதிப்பீடு செய்யும் விதிமுறைகளை 2024 அக்டோபரில் டிராயும் வெளியிட்டிருக்கிறது.

சாவி வாங்கும் நாளில் குழாயைத் திறந்து பார்க்கிறார்கள், டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறார்கள், விளக்குகளைப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தச் சதுரத் துளையில் ஒரு லேப்டாப்பைச் செருகிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், கேட்பதற்கு ஆள் இருக்காது.