சத்தம் போடட்டும், விடுங்கள்

சனிக்கிழமை காலையில் குயிலாப்பாளையத்தில் என் பட்டறை வாசலில் வெளியூர் வண்டிகள்தான் அதிகம் நிற்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து பெரியமுதலியார்சாவடியில் திரும்பிய சென்னைப் பிள்ளைகள் ஒரு பக்கம். திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று இரவோடு இரவாக ஓட்டி வந்த பெங்களூர்ப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். பஞ்சர், செயினுக்கு எண்ணெய், அறுந்த கிளட்ச் கேபிள், பெரும்பாலும் இவ்வளவுதான் வேலை. ஆனால் மாதத்துக்கு ஒருவராவது முன் சக்கரத்தைக் காட்டி ஒரே வார்த்தையைச் சொல்வார்: “அண்ணா, டிஸ்க் லூஸா இருக்கு. டைட் பண்ணிக் குடுங்க.”

நான் டைட் பண்ணித் தருவதில்லை. “தம்பி, அது அப்படித்தான் இருக்கணும்” என்று சொல்லி அனுப்பிவிடுவேன். பாதிப் பேர் நம்புவதில்லை. தெரியாத ஆள் என்று நினைத்துக்கொண்டு வேறு பட்டறை தேடிப் போகிறார்கள். அப்படி ஒருவர் எங்கோ போய் ‘சரி’ செய்துகொண்ட டிஸ்க் இப்போது என் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சாதாரண வண்டியில் பிரேக் டிஸ்க் என்பது ஒரே தகட்டில் வெட்டிய வட்டம். ஃப்ளோட்டிங் டிஸ்க் அப்படியல்ல, அது இரண்டு துண்டு. பேட் பிடிக்கிற வெளி வளையம் எஃகு. சக்கரத்தோடு போல்ட் போட்டு முறுக்கியிருக்கிற நடுப்பகுதி பெரும்பாலும் அலுமினியம். இரண்டின் ஓரத்திலும் அரைவட்டப் பள்ளங்கள் வெட்டி, அவை எதிரெதிரே சேரும் ஓட்டைகளில் சட்டைப் பித்தான் மாதிரி குட்டி உருளைகளைப் பொருத்தியிருப்பார்கள். எங்கள் பாஷையில் அது பாபின். பிரேக் பிடிக்கும்போது வளையத்தின் இழுவை அந்தப் பாபின்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கும். அது தேய்மானத்தால் வந்த இடைவெளி இல்லை, கணக்குப் போட்டு விட்ட இடைவெளி.

எதற்கு அந்த இடைவெளி என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் தாத்தா வானூர்ப் பக்கம் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போட்டவர். இரும்புப் பட்டாவைச் சக்கரத்தைவிட ஒரு நூல் சின்னதாகவே வளைத்து ஒட்டுவார். தரையில் கிடத்தி, சுற்றிலும் வரட்டி அடுக்கிக் கொளுத்துவார்கள். பழுத்துச் சிவந்ததும் மூன்று பேர் குறடு போட்டுத் தூக்கி வந்து மரச்சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். சின்னதாக இருந்த பட்டா இப்போது லேசாக உள்ளே போகும். வட்டை தீப்பிடிப்பதற்குள் குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கச் சுருங்க ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் இறுகி நெறிபடுகிற சத்தம் வரும். மழைக்காலத்தில் கதவு முனகுமே, அந்த மாதிரி. சூட்டில் விரிந்த இரும்பு ஆறும்போது எத்தனை பலத்தோடு சுருங்கும் என்பதை ஆறேழு வயதில் அப்படித்தான் பார்த்தேன்.

பிரேக் டிஸ்க்கில் நடப்பது இதற்குத் தலைகீழ். வளையம் சூடாகி வெளியே விரியப் பார்க்கிறது. நடுப்பகுதி அவ்வளவு சூடாவதில்லை, அதனால் அவ்வளவு விரிவதும் இல்லை. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வளையத்தின் சூடு 300 டிகிரி ஏறினால் விட்டம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கூடும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். தாத்தாவின் பட்டாவைக் கேட்டால் தெரியும், இரும்பு அந்த ஒரு நூலுக்காக எதையும் உடைக்கும். நடுவில் பிடித்து வைத்திருக்கும் பெரிய தகடு ஓரத்தில் மட்டும் விரிந்தால் வேறு வழியில்லாமல் ஒரு பக்கமாகச் சாயும். தட்டு கிண்ணமாகப் பார்க்கும். பாபின் இடைவெளி இருந்தால் வளையம் தன் பாட்டுக்கு விரிந்து, தன் பாட்டுக்குச் சுருங்கிக்கொள்ளும்.

அவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 350 கிலோ என்று வையுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்துகிற சூட்டில் இரண்டு டம்ளர் டீத்தண்ணி கொதிக்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. அதே வண்டி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குவதில் வெளிவருகிற சூடு ஒரு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கியரைக் குறைத்து வைத்தால் அதில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்குகிற புண்ணியவான்களுக்கு எல்லாமே பிரேக்கில்தான்.

சுவரில் தொங்கும் டிஸ்க்கின் கதை அதுதான். சத்தம் வருகிறது என்று யாரோ ஒரு பட்டறைக்காரர் எட்டுப் பாபினிலும் பொட்டுப் பொட்டாக வெல்டு வைத்திருக்கிறார். சத்தம் நின்றது. பிள்ளைக்கும் சந்தோஷம். பிறகு மலைக்குப் போய் இறங்கியிருக்கிறான். என்னிடம் வந்தபோது வளையம் மயில் கழுத்து நிறத்தில் நீலம் பாய்ந்திருந்தது. லீவரைப் பிடித்தால் நாடி பார்க்கிற மாதிரி துடித்தது. கழற்றிக் கண்ணாடிப் பலகையில் வைத்தேன். ஒரு பக்கம் ஒரு ரூபாய்க் காசு தாராளமாக உள்ளே போயிற்று.

ஆட்டம் எல்லாமே நல்லது என்று சொல்ல வரவில்லை. வண்டியைத் தள்ளும்போது சலசலக்கலாம், விரலால் அழுத்தினால் வளையம் பக்கவாட்டில் துளி அசையலாம். ஆனால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ‘டக்’ என்று அடித்தால், வளையத்தைச் சுற்றுவாக்கில் முன்னும் பின்னும் ஆட்ட முடிந்தால், பள்ளம் தேய்ந்துவிட்டது. அப்போது மாற்றத்தான் வேண்டும். சாலை வண்டிகளில் வருவது அநேகமாக செமி ஃப்ளோட்டிங். பாபினுக்குள் வளைந்த வாஷர் ஒன்று லேசாக அழுத்திப் பிடித்திருக்கும், அதனால் புதிதில் சத்தம் இருக்காது. எங்கள் ஊர்ச் செம்மண் அதற்குள் போய் அடைத்துக்கொண்டால் ஆட்டம் நின்றுவிடும். மாதம் ஒரு முறை கழுவி, பாபின் கையால் சுழல்கிறதா என்று பாருங்கள்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. 2021-ல் வந்த புது கிளாசிக் 350-க்கு முன்னால் 300 மில்லிமீட்டர் டிஸ்க்கும் இரட்டைப் பிஸ்டன் ஃப்ளோட்டிங் கேலிப்பரும் உண்டு. அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு “என்னுதும் ஃப்ளோட்டிங்தான்” என்கிறார்கள். அங்கே மிதப்பது பேட்களை அழுத்துகிற கேலிப்பர், டிஸ்க் இல்லை. கேலிப்பரே இரண்டு பின்களின் மேல் நகர்ந்து டிஸ்க்கை நடுவில் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் பிஸ்டன் வைத்த, நகராத கேலிப்பர் உள்ள பெரிய வண்டிகளில்தான் டிஸ்க் மிதப்பதற்கு உண்மையான வேலை இருக்கிறது. 160 சிசி வண்டிக்கு ஒரே தகட்டு டிஸ்க் தாராளமாகப் போதும். இது தெரியாமல் சிவப்பு, தங்க நிறப் பித்தான்கள் மின்னுகிற டிஸ்க்கை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வந்து மாட்டச் சொல்கிறார்கள். சிலவற்றில் பித்தான் வெறும் அலங்காரம், ரிவிட் அடித்து இறுக்கியது. ஒன்றும் அசையாது.

மிதக்க வேண்டியதை வெல்டு வைக்கிறோம், மிதக்காததை மிதப்பது என்று வாங்குகிறோம். காசு இரண்டிலும் போகிறது. நியாயமாகச் செலவு செய்ய வேண்டிய இடம் பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். நூற்றில் நாலு பங்குகூட வேண்டாம், அந்த அளவு ஈரம் ஏறினாலே எல்லை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குமிழி. குமிழி வந்தால் லீவர் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது. கடல் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு ஈரத்துக்கு என்ன குறை? உப்புக்காற்றில் கேலிப்பர் பின்னும் துருப்பிடித்து இறுகும், பேட் ஒரு பக்கம் மட்டும் தேயும். இந்த ஊரில் நான் பார்க்கிற பிரேக் கோளாறில் முக்கால்வாசி இவை இரண்டுதான்.

சட்டம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம் ஆக்கினார்கள். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அது முடிந்து புதுப்பிக்கப் போகும்வரை பிரேக்கைப் பார்க்க ஒருவரும் கிடையாது. சாலையில் நிறுத்தினால் இன்ஷூரன்ஸ் கேட்கிறார்கள், புகைச் சான்று கேட்கிறார்கள். பிரேக் ஆயில் எந்த வருஷத்தது என்று யாராவது கேட்டதுண்டா? ஈரம் பார்க்கிற கருவி பேனா அளவுதான் இருக்கும், விலையும் அதிகமில்லை. புகை பார்க்கிற இடத்திலேயே மூடியைத் திறந்து ஒரு முறை முக்கிப் பார்த்து, சான்றில் ஒரு வரி எழுதினால் என்ன? வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் இதை யோசிக்கலாம். அதுவரைக்கும் என் பட்டறையில் ஆயில் மாற்றினால் தேதியைப் பெயிண்டால் மூடிமேலேயே எழுதிவிடுகிறேன். வண்டி அசிங்கமாகிறது என்று சிலருக்குக் கோபம்.

போன வாரம் ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஆறு வருஷ வண்டி. மூடியைத் திறந்தால் உள்ளே டிகாக்ஷன் நிறத்தில் ஆயில். முன்னால் ஒரு பேட் தேய்ந்து இரும்பு தெரிந்தது, மற்றது புதுசு மாதிரி இருந்தது. ஓட்டி வந்த பெரியவர் அதற்காக வரவில்லை. ஹாரன் சத்தம் பத்தவில்லையாம், பெரிதாக ஒன்று போட்டுத் தரச் சொன்னார்.