ஊசி போடாத படம் சொல்லும் ‘இல்லை’

“கான்ட்ராஸ்ட் ஊசி போடாமலே எம்.ஆர்.ஐ.யில் பழைய மாரடைப்பின் தழும்பு தெரிந்துவிடும், இனி ஊசிக்கு வேலை இல்லை” என்கிறார்கள். முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதிதான் இடிக்கிறது.

ஊசி கிட்னியைக் கெடுக்கும் என்பது அவர்கள் சொல்லும் முதல் காரணம். ஆஞ்சியோவில் போடும் அயோடின் மருந்தோடு இதைக் குழப்பிக்கொண்ட பயம் அது. எம்.ஆர்.ஐ. ஊசியில் இருக்கும் காடோலினியத்தின் மேல் விழுந்த நிஜமான பழி வேறு: ஏற்கெனவே கிட்னி செயலிழந்தவர்களுக்குத் தோல் கட்டைபோல இறுகும் நோய். தொடர்பு 2006-இல் தெரியவந்தது. பெரும்பாலும் நேர்ச்சங்கிலி அமைப்புள்ள மருந்துகளால் வந்தது. வளைய அமைப்புள்ள மருந்துகளில் அது மிக மிக அரிது.

அடுத்து, “ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே படம்தான்” என்பது. இல்லை. ஊசி ஏறிப் பத்து நிமிடம் போல ஆனதும் நல்ல தசையிலிருந்து மருந்து வடிந்துவிடும். நார் நிறைந்த தழும்பில் தேங்கி நிற்கும். நல்ல தசை கன்னங்கரேலென்று விழும்படி டெக்னீஷியன் நேரத்தைச் சரிசெய்து எடுப்பார். இதயச் சுவரின் கறுப்பு வளையத்தில், உள்விளிம்பில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் அதுதான் தழும்பு. பட்டை சுவரின் பாதிக்கு மேல் தடித்திருந்தால், பைபாஸ் செய்தாலும் அந்த இடம் தேறுவது கடினம்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று 2022-இல் வெளியிட்டதோ, ஊசியில்லாத படங்களை வைத்துக் கணினி வரைந்து தரும் படம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை: தழும்பின் அளவும் ஆழமும் ஊசிப் படத்தோடு நன்றாகவே ஒத்துப்போயின, இல்லாத தழும்பை இருப்பதாக அது ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஆனால் இருந்த தழும்புகளில் 77 சதவீதத்தைத்தான் பிடித்தது. சோதித்ததும் 66 நோயாளிகளிடம்தான்.

கணினியே வேண்டாம், ஊசியில்லாமலே எம்.ஆர்.ஐ. அளந்து தரும் தசையின் டி1 அளவே காட்டிக்கொடுத்துவிடும் என்பது இன்னொரு வாதம். நார் அந்த அளவை ஏற்றும். ஆனால் பழைய தழும்பில் நாளாவட்டத்தில் கொழுப்பு சேர்வதுண்டு, அது இறக்கிவிடும். இரண்டும் கலந்த இடம் நல்ல தசைபோலவே வேஷம் போடலாம்.

நேரம் மிச்சம், குத்தல் இல்லை என்பதை மறுக்கவில்லை. ஆனால் நெஞ்சுவலியே தெரியாமல் மாரடைப்பு வந்துபோன சர்க்கரை நோயாளியை நினைத்துப் பாருங்கள். அவர் ஈ.சி.ஜி.யிலும் தடயம் இல்லாமல் போகலாம். ‘தழும்பு இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால், படம் ஊசி போட்டு எடுத்ததா, போடாமலா என்று அவர் கேட்டே ஆகவேண்டும்.