சுரங்கத்தை வரைந்தவர்களும் சுரங்கத்தில் இறந்தவர்களும்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில், அட்லாண்டிக் கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பாறைகளின் மேல் இரண்டு கருங்கல் எந்திர வீடுகள் நிற்கின்றன. செயின்ட் ஜஸ்ட் வட்டாரத்தின் பொட்டாலக் சுரங்கத்தின் எச்சங்கள் அவை. வெள்ளீயமும் செம்பும் தேடிய மனிதர்கள் இங்கே கடலின் அடித்தளத்திற்குக் கீழேயும் குடைந்து சென்றனர். மேலே, ‘பால் மெய்டன்’ என்று அழைக்கப்பட்ட பெண்களும் சிறுமிகளும் கனிமக் கற்களைச் சுத்தியலால் உடைத்தனர். இன்று அந்த இடம் நாள்காட்டிப் படமாகவும் சுற்றுலா அஞ்சலட்டையாகவும் உலகைச் சுற்றுகிறது. உழைத்தவர்கள் மறைந்ததும் உழைப்பின் களம் ‘இயற்கை அழகு’ ஆகிவிடுகிறது.

இந்த மாற்றத்தை ஏற்க மறுத்த ஓவியர் ஒருவரை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1918-இல் அருகிலுள்ள செயின்ட் ஐவ்ஸில் பிறந்தவர் பீட்டர் லேன்யன். வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய கலைஞர்களால் புகழ்பெற்ற அவ்வூரில், அவர் மண்ணின் மைந்தர். 1950-களின் தொடக்கத்தில் அவர் தீட்டிய ‘செயின்ட் ஜஸ்ட்’ என்னும் பெரிய ஓவியத்தில் கடற்காட்சி எதுவும் நம்மை வரவேற்பதில்லை. படத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கரும்பட்டை இறங்குகிறது. அதுவே சுரங்கக்குழி. அதனைச் சிலுவையாகவும் அவர் கருதினார்.

அந்தக் கருமைக்கு வரலாறு உண்டு. 1919 அக்டோபர் 20 அன்று, பொட்டாலக்கிற்கு அருகிலுள்ள லெவண்ட் சுரங்கத்தில், தொழிலாளர்களை மேலேற்றிக்கொண்டிருந்த எந்திரத்தின் தண்டைத் தாங்கிய இணைப்பு முறிந்து 31 பேர் மாண்டனர். லேன்யன் அப்போது ஒரு வயதுக் குழந்தை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் அந்நிலத்தை வரைந்தபோது, சாவை ஓரத்தில் வைக்கவில்லை, நடுவில் வைத்தார்.

2006-இல் கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது. அதற்கு அது கூறிய காரணங்களுள் ஒன்று, கார்ன்வாலின் தொழில்நுட்பமும் தொழிலாளர்களும் உலகெங்கும் பரவிய வரலாறு. அந்தப் பரவலின் ஒரு முனை நம்மிடம் இருக்கிறது: கோலார் தங்கவயல். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கீழ் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் அங்கு வந்தனர். தம் ஊரில் சுரண்டப்பட்டவர்கள் இங்கே மேற்பார்வை செய்யும் இடத்தில் அமர்த்தப்பட்டனர். வட ஆற்காடு முதலான பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தலித் மக்கள் ஆழத்திற்கு அனுப்பப்பட்டனர். ஆகவே இரு துயரங்களையும் சமமென்று நாம் சொல்லிவிட முடியாது. கார்ன்வாலில் வர்க்கம் இருந்தது. தங்கவயலிலோ வர்க்கத்தின் மேல் நிறமும் சாதியும் ஏறி நின்றன.

ஆயினும் அம்மக்கள் வெறும் உழைப்புக் கரங்களாக இருந்துவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்திற்கு மாரிக்குப்பம் வலுவான தளமாயிற்று. அவருடைய நூல்களைப் பதிப்பித்த சித்தார்த்தா புத்தகசாலை சாம்பியன் ரீஃப்பில் இயங்கியது. தமிழகச் சமூக வரலாற்றின் ஓர் அடித்தளமே அந்தச் சுரங்கக் குடியிருப்புகளில் இடப்பட்டது.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அங்குள்ள 13 கழிவு மண்மேடுகளில் மீண்டும் கனிமம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்திற்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அடுத்த இரு மாதங்களுக்குள் பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ திரைக்கு வந்து, அம்மண்ணின் முதல் உழைப்பாளிகள் யார் என்ற கேள்வியை மக்கள் முன் வைத்தது. லேன்யன் ஓவியத்தில் செய்ததற்கு இணையான செயல் அது: நிலத்தின் நடுவில் மனிதரை மீண்டும் நிறுத்துதல்.

கலை எழுப்பிய கேள்விக்குச் சட்டம் விடை சொல்ல வேண்டும். கோலார் மாவட்டத்தின் பெத்தபள்ளியிலுள்ள எரிமலைப் பாறைகள் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக மதிக்கப்படுகின்றன. அது சரியே. ஆனால் பாறைக்குக் கிடைக்கும் மதிப்பு, அதைக் குடைந்த மனிதருக்கு ஏன் கிடைக்கவில்லை? 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் நூறாண்டுப் பழமையைக் கேட்கிறது. தங்கவயலின் தொடக்ககாலக் கட்டுமானங்கள் அந்த வயதைக் கடந்துவிட்டன. தடையாக இருப்பது காலமன்று. எவருடைய வரலாறு வரலாறாகக் கொள்ளத்தக்கது என்னும் சாதியப் பார்வை.

எனினும் கார்ன்வாலை அப்படியே நகலெடுக்க நாம் கேட்கவில்லை. ஆளற்ற அழகிய இடிபாடு நமக்கு வேண்டாம். தங்கவயலில் மக்கள் இன்னும் வாழ்கிறார்கள். அவர்களின் குடியிருப்பு உரிமையும், மண்மேடுகளின் தூசியிலிருந்து பாதுகாப்பும், சுரங்கத்தில் மாண்டோரின் பெயர் தாங்கிய ஆவணக்காப்பகமும் ஒரே கோரிக்கையின் மூன்று பகுதிகள். மண்மேடுகளைத் தோண்டும் திட்டத்தில் ஒவ்வொரு முடிவும் அம்மக்களின் ஒப்புதலோடு எடுக்கப்பட வேண்டும். கல்லூரிகளில் பயிலும் தோழர்கள் அங்குள்ள முதியோரின் நினைவுகளை இப்போதே பதிவுசெய்யத் தொடங்கலாம். அவை நாளை வழக்குமன்றத்தில் சான்றாகவும், நாளைய ஓவியருக்கு ஊற்றாகவும் அமையும்.