பெயர் வரும் முன்னே

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கு,

முப்பத்து நான்கு வருஷ காலம் மேற்கு மாவட்டங்களின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக உழைத்து, நர்ஸிங் சூபரிண்டெண்டெண்டாக ஓய்வு பெற்று, இப்போது கோயம்புத்தூரில் பேத்திகளுக்குத் தலை பின்னி விடுவதையே பிரதான உத்தியோகமாகக் கொண்டிருக்கும் ஒருத்தி, தங்களைப் போன்ற உயர்ந்த ஸ்தானத்தில் இருப்பவருக்குப் பகிரங்கமாக மடல் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று என் வீட்டாரே சொல்கிறார்கள். ஆயினும், கேரளத்தில் நிபா என்ற செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம் (2018லும் 2019லும் 2021லும் 2023லும் அதற்கு அடுத்த வருஷமும் அது வந்தது), அதன் பக்கத்திலேயே எல்லைச் சோதனைச் சாவடிகளில் கண்காணிப்புத் தீவிரமாக்கப்பட்டது என்ற துணைச் செய்தியும் தவறாமல் வந்து, அதைப் படித்த ஜனங்கள் நிம்மதியடைந்து அடுத்த பக்கத்தைப் புரட்டுவதைக் காணும்போது, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கேரள எல்லையிலுள்ள வாளையாற்றில் பஸ்ஸை நிறுத்திப் பிரயாணிகளின் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்க்கும் சிப்பந்திகளை நான் பரிகாசம் செய்யவில்லை. வெயிலில் நின்று செய்யும் வேலை அது. ஆனால் நிபாக் கிருமி உடம்பில் புகுந்தபின் காய்ச்சலாக வெளிப்படுவதற்குச் சாதாரணமாக 4 நாள் முதல் 14 நாள் வரை ஆகின்றது. அந்த நாட்களில் எல்லைக் கணவாயைக் கடந்து வருகிறவரின் நெற்றி நம் நெற்றியைப் போலவே குளிர்ந்திருக்கும். காய்ச்சல் கண்டுவிட்டவரோ புறப்படும்போதே ஒரு பாராசிட்டமால் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் வருவார். ஆகவே உண்மையான சோதனைச் சாவடி வாளையாற்றில் இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஏதோ ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் காஷுவாலிட்டி வாசலில், ஒரு டியூட்டி டாக்டரும், இரண்டு வார்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸும், கையில் துடைப்பத்தோடு நிற்கும் ஒரு துப்புரவுத் தொழிலாளியுமாக இருக்கிறது.

2001ஆம் வருஷம் மேற்கு வங்கத்துச் சிலிகுரியில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அறுபத்தாறு பேரைப் பீடித்து நாற்பத்தைந்து பேரைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சலுக்கு அப்போது எவராலும் பெயர் சொல்ல முடியவில்லை. சேமித்து வைத்திருந்த மாதிரிகளைச் சில வருஷங்கள் கழித்துப் பரிசோதித்த பிறகே அது நிபா என்பது உலகுக்குத் தெரிந்தது. நோயுற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆஸ்பத்திரியிலேயே, நோயாளியைப் பராமரித்ததாலோ பார்க்க வந்ததாலோ தொற்றியது என்பதுதான் அந்த விசாரணையில் வெளிப்பட்ட பயங்கரமான விஷயம். பதினேழு வருஷங்கள் கழித்துக் கோழிக்கோட்டிலும் ஏறக்குறைய அதே கதைதான். பேராம்பிராவைச் சேர்ந்த முதல் நோயாளி 2018 மே 5ஆம் தேதி இறந்தார். அவருடைய சகோதரரும் அதே அறிகுறிகளோடு படுத்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் சந்தேகங்கொண்டு மணிப்பாலிலுள்ள பரிசோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்பி, புனேப் பரிசோதனைக்கூடத்தில் அது நிபா என்று ஊர்ஜிதமானபோது இரண்டு வாரங்கள் ஓடிவிட்டன. அந்த இரண்டு வாரங்களில் ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர், ஸ்கேன் எடுப்பதற்காகக் காத்திருந்த ஒரு தாழ்வாரத்தில் அந்த முதல் நோயாளி இருமிக்கொண்டிருந்தபோது அருகே நின்ற ஒரே குற்றத்துக்காக, மரணத்தைத் தம்மோடு எடுத்துச் சென்றார்கள். நோய் கண்ட இருபத்து மூன்று பேரில் பிழைத்தவர் இருவரே. முதல் நோயாளியைப் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் பராமரித்த லினி என்ற இளம் நர்ஸ் மே 21ஆம் தேதி காலமானார். தாம் கவனித்துக்கொண்டது என்ன நோய் கண்டவரை என்பது அவருக்கு அப்போது எப்படித் தெரிந்திருக்கும்?

நான் வற்புறுத்த விரும்புவது இந்த ஒரு விஷயத்தைத்தான். பெயர் தெரிந்த பிறகு செய்ய வேண்டியவற்றை நம் இலாகா செவ்வனே செய்யும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. கொரோனாக் காலத்தில் நாம் கண்ட பரிசோதனைக்கூடங்களும், பிராணவாயுக் குழாய்களும், படுக்கைக் கணக்குகளும் அதற்குச் சாட்சி. ஆனால் கொரோனா தன் பெயரை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வந்த நோய் என்பதை மறந்துவிடக் கூடாது. சீன தேசத்துச் செய்திகளைப் பத்திரிகைகளில் படிக்கத் தொடங்கி இரண்டு மாதங்களுக்கு மேல் கழிந்து, 2020 மார்ச் 7ஆம் தேதியன்றுதான் நம் மாநிலத்தில் முதல் நோயாளி அறியப்பட்டார். அப்படிப்பட்ட அவகாசத்தை எல்லா நோயும் கொடுக்காது.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. கோழிக்கோட்டுச் செய்தி வந்த சில வாரங்களில், பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஆஸ்பத்திரியில் ஒத்திகை நடத்த உத்தரவு வந்தது. ஒரு வாரம் முன்னதாகவே தேதி குறிக்கப்பட்டது. சுவர்களுக்கு வெள்ளையடித்தோம். எங்கள் வார்டு பாய் ஒருவரே நோயாளியாகப் படுத்துக்கொண்டு, வேண்டிய அளவுக்கு மேலேயே முனகினார். பாதுகாப்புக் கவசமணிந்த இரண்டு நர்ஸ்களும் ஒரு டாக்டரும் அவரைத் தள்ளுவண்டியில் தனியறைக்குக் கொண்டுபோனார்கள்; அதிகாரிகள் திருப்தி தெரிவித்தார்கள்; போட்டோ எடுக்கப்பட்டது. அவர்கள் காரில் ஏறியதும், கவசங்களை எண்ணி, ஸ்டாக் ரிஜிஸ்தரில் எழுதி, ஸ்டோர் அலமாரியில் வைத்துப் பூட்டினோம். சாவி ஸ்டோர் கீப்பரிடம். அவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்.

அதற்கு ஒன்பதாம் நாள், நள்ளிரவு தாண்டி, மலைக்கு அப்பாலிருந்து வந்த ஓர் இளைஞனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கடுங்காய்ச்சல், வலிப்பு, பிரக்ஞையில்லை. காஷுவாலிட்டி வாசலிலேயே வாந்தியெடுத்தான். டியூட்டியில் இருந்த பெண் புத்திசாலி, சந்தேகப்பட்டாள். சாவிக்காரருக்குப் போன் செய்தாள், போன் அணைந்திருந்தது. சாதாரண முகக்கவசம் ஒன்றை மூக்கின் மேல் கட்டிக்கொண்டு அவனுக்கு ஊசி போட்டு, சளியை உறிஞ்சியெடுத்து, விடியும் வரை பக்கத்திலேயே இருந்தாள். காலையில் நான் வந்ததும் மாதிரி எடுத்து அனுப்பினோம். அவனைத் தொட்டவர், தூக்கியவர், அருகில் நின்றவர் அனைவரையும் சேர்த்துப் பட்டியல் தயாரிக்க வேண்டியது என் பொறுப்பு. டியூட்டி ரிஜிஸ்தரைப் பார்த்துச் சிரத்தையாகத் தயாரித்தேன்: ஆட்டோக்காரர் உட்படப் பத்தொன்பது பேர். முடிவு வரும்வரை வெளியே போகக் கூடாதென்று அவர்களைக் கேட்டுக்கொண்டோம்.

மூன்றாம் நாள் காலை, கான்ட்ராக்டர் மூலமாக வேலைக்கு வரும் துப்புரவு அம்மாள், வாளியும் கந்தலுமாக வழக்கம்போல் வந்து, "என்னுங்க சிஸ்டர், எல்லாரும் மூஞ்சியக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க?" என்று என்னிடமே கேட்டாள். அந்த இரவு வாசலில் கிடந்த வாந்தியை வெறுங்கையால், ஒரு பழந்துணியைக் கொண்டு, துடைத்தவள் அவள்தான். அவள் பெயர் எங்கள் ரிஜிஸ்தரில் இல்லை. கான்ட்ராக்டரின் நோட்டில் இருந்தது. பத்தொன்பது பேர் எழுதிய என் கை, பட்டியலின் முதலில் நிற்க வேண்டியவளை விட்டுவிட்டது. அவளோ இடையில் இரண்டு நாளும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து கொடுத்துவிட்டு, உறவினர் வீட்டுக் காதுகுத்துக்கும் போய்வந்திருக்கிறாள்.

அன்று மாலையே, நிபா இல்லை, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு வந்தது. கொசுவால் வருவது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. எல்லோரும் சாமியைக் கும்பிட்டோம். சாமி காப்பாற்றியது ஒரு தடவை. அதை இலாகாவின் ஏற்பாட்டில் சேர்த்துக்கொள்ள முடியாது.

ஆகையால், ஆயத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் கவசங்களின் எண்ணிக்கையைக் கேட்கும் வழக்கத்தை மாற்ற வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன். கவசத்தை அணிவது எவருக்கும் வரும். ஆபத்து கழற்றுவதில் இருக்கிறது. வியர்வையில் நனைந்து, கண்ணாடி மங்கி, எட்டு மணி நேரம் தாகத்தை அடக்கிக்கொண்டு வெளியே வரும் பெண் எதை முதலில் கழற்றுகிறாள், எந்த விரல் எதைத் தொடுகிறது, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே கையைக் கழுவினாளா, முகக்கவசத்தை முன்பக்கம் தொடாமல் பின்வாரைப் பிடித்துக் கடைசியில் எடுத்தாளா என்பதை எதிரே ஒருத்தி நின்று சொல்லிச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாட்டியம் பழகுவதுபோல், உடம்பு தானாகச் செய்யும்வரை பழக வேண்டிய வித்தை அது. வருஷத்துக்கொரு தடவை திரையில் படம் காட்டி வருவதில்லை. பிளீச்சிங் பவுடர் கரைசலும் அப்படியே: லிட்டருக்கு 30 கிராம் போட்டு அன்றன்றைக்குக் கலக்க வேண்டியதை, திங்கட்கிழமை கலக்கிச் சனிக்கிழமை வரை ஊற்றும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால், நேற்றைய கரைசலில் வீரியம் போய்விடும் என்று துடைக்கிறவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. இந்தச் சிறு விஷயங்களைச் செயலரிடம் சொல்வதா என்று தாங்கள் நினைக்கலாம். கிருமி சிறு விஷயம்தானே!

அதிகாரம் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 ஜூலையில், லைபீரியாவிலிருந்து நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கு நோயோடு வந்து இறங்கிய ஒரு ராஜாங்க உத்தியோகஸ்தரை, எபோலா நோயாளியை அதற்குமுன் கண்ணால் கண்டிராத டாக்டர் அமேயோ அடதேவோ என்ற மாது சந்தேகித்து, வெளியே விடும்படி மேலிடங்களிலிருந்து வந்த நிர்ப்பந்தங்களுக்கெல்லாம் இணங்காமல் ஆஸ்பத்திரியிலேயே நிறுத்திக்கொண்டார். கோடிக்கணக்கானோர் நெருங்கி வாழும் அந்தத் தேசத்தில் நோய் கண்டவர் இருபது பேரோடும் இறந்தவர் எட்டுப் பேரோடும் நின்றதற்கு அந்தப் பிடிவாதமே முதற்காரணம். அந்த எட்டுப் பேரில் அந்த டாக்டரும் ஒருவர். நம் தாலுகா ஆஸ்பத்திரியில், அனுபவம் போதாத ஒரு டியூட்டி டாக்டர், செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளையை இப்படி நிறுத்தி வைத்தால் எத்தனை நிமிஷத்தில் போன் வரும் என்பது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 1939ஆம் வருஷத்திலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் செய்துகொண்ட மாகாணம் இது. அந்தச் சட்டம் அந்த டாக்டருக்குத் துணை நிற்கும் என்று, அவர் புரியும்படி ஒரே பக்கத்தில் எழுதி, தங்கள் கையெழுத்தோடு காஷுவாலிட்டிச் சுவரில் ஒட்டச் செய்யுங்கள். போன் வரும்போது அவர் அதைச் சுட்டிக்காட்டட்டும்.

பயத்தைப் பற்றி யாரும் சுற்றறிக்கையில் எழுதுவதில்லை. கோழிக்கோட்டில் அந்நாட்களில் நர்ஸ்களைப் பஸ்ஸில் ஏற்றத் தயங்கினார்கள். சென்னையில் 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த ஒரு டாக்டரின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்த கூட்டத்தை நாம் பார்த்தோம். அப்படித் தடுப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று அரசாங்கம் அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கல்லெறி அடுத்த தடவை விழுமுன்பே நினைக்க வேண்டியது ஒன்று உண்டு. இருபத்தொரு நாள் தனித்திரு என்று ஒரு நிரந்தர ஊழியரிடம் சொன்னால் அவருக்குச் சம்பளம் வரும். கான்ட்ராக்டரிடம் தினக்கூலி வாங்கும் அம்மாளிடம் அதையே சொன்னால் அடுப்பு அணையும். அவள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்தால் பழி அவள்மேல் இல்லை.

ஒப்பந்தத்தில் வந்தவரோ, நிரந்தரமானவரோ, ஆஸ்பத்திரி வாசலுக்குள் துடைப்பமோ ஸ்டெதஸ்கோப்போ ஏந்தி நுழையும் ஒவ்வொருவர் பெயரும் ஒரே ரிஜிஸ்தரில் இருக்கும்படி உத்தரவிடுங்கள். தனித்திருக்கும் நாட்களுக்கு அவர்கள் அனைவருக்கும் கூலி உண்டென்று முன்கூட்டியே அறிவியுங்கள். பெயர் தெரிந்த நோயாளிக்கு ஒரு முறை, தெரியாத நோயாளிக்கு ஒரு முறை என்றில்லாமல், காய்ச்சலோடு இருமி வருகிற எவரையும் தாழ்வாரக் கூட்டத்தில் நிறுத்தாமல் வாசலிலேயே பிரித்து உட்கார வைப்பதை எல்லா நாளைக்கும் உரிய வழக்கமாக்குங்கள். ஒரு பெஞ்சும், ஒரு ஜன்னலும், நாலு முகக்கவசமும் போதும், டெண்டர் வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முன்னறிவிப்பில்லாமல், போட்டோக்காரர் இல்லாமல், ஏதாவது ஓர் இரவு இரண்டு மணிக்கு எல்லையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தாங்களே நேரில் வாருங்கள். அலமாரிச் சாவி எங்கே என்று கேளுங்கள். துடைப்பத்தோடு நிற்கும் அம்மாளிடம் கையுறையை அணிந்து கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நான் சொன்ன அந்த ஆஸ்பத்திரிக்கு என் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்; அழைத்தால் நானும் கூட வருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி,
கோயம்புத்தூர்.