பச்சை ரத்தம் போதுமா?

ஆசிரியருக்கு,

2020 செப்டம்பரில் பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை செல்போன் விளையாட்டைத் தடை செய்தபோது மத்திய அரசு சொன்ன காரணம் தகவல் பாதுகாப்பு, வன்முறை அல்ல. மறு ஆண்டே பி.ஜி.எம்.ஐ. என்று பெயர் மாறித் திரும்பியது. திரையில் தெறிக்கும் ரத்தம் பச்சையாயிற்று, 18 வயதுக்கு உட்பட்டோருக்குத் தினம் 3 மணி நேர வரம்பு வந்தது. முதலில் பதறிய பெற்றோர் பழகிவிட்டோம்.

கொல்லாமையைப் போற்றிய சமணர் தவமிருந்த ஏழடிப்பாட்டம் குகை எங்கள் ஊர்க் குன்றில்தான் இருக்கிறது. அதனடியில் பத்து வயதுப் பிள்ளைகள் அப்பாவின் செல்போனில் சுட்டுத் தள்ளுகிறார்கள். விளையாட்டு வயது கேட்டால் அப்பாவின் வயதைத் தட்டுகிறார்கள்.

சினிமாவுக்கு 7, 13, 16 என வயதுப் பிரிவுகள் வந்துவிட்டன. விளையாட்டுகளுக்கும் சட்டப்படி, தமிழிலேயே வயதுச் சான்று வேண்டும். பெற்றோரே, அதுவரை போனைக் கொடுக்குமுன் ஒருமுறை நீங்களே விளையாடிப் பாருங்கள்.

– ஒரு வாசகர், சித்தன்னவாசல், புதுக்கோட்டை மாவட்டம்